எண்பத்து மூன்றாம் தொட்டி

ஜனவரி 18

அன்புள்ள அம்மாவுக்கும் அக்காவுக்கும்,

சின்னவன் எழுதுகிறேன். நன்றாக இருக்கிறேன். நாள் முழுக்க ஈரத்தில் நிற்பதால் பாதம் மட்டும் டீயில் விழுந்த பிஸ்கட் மாதிரி ஆகிவிட்டது. நீங்கள் இருவரும் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

வேலை இதுதான். நூற்றிருபது தொட்டி, தொட்டிக்கு ஒரு மீன். வளர்ந்தால் சுண்டுவிரல் நீளம். மழையில் தேங்கும் குட்டையில் பிறந்து, அது வற்றுவதற்குள் வளர்ந்து, முட்டையிட்டு, கிழடாகி, செத்துப்போகிற இனம். நமக்கு எழுபது வருடத்தில் நடப்பது இதற்கு ஆறு மாதத்தில் முடிந்துவிடும். அதனால் முதுமையை ஆராய்கிறவர்களுக்கு இது செல்லப்பிள்ளை. தீனியைக் குறைத்தால் ஆயுள் கூடுமா என்று பார்க்கிறார்கள். எங்கள் வீட்டில் இதைப் பல வருடம் செய்து பார்த்தோம் சார் என்று சொல்ல வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

இந்த மீனின் மரபணு மொத்தத்தையும் எழுத்தெழுத்தாகப் படித்து ஒரு வெப்சைட்டில் போட்டிருக்கிறார்கள். உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். எங்கள் நூற்றிருபது மீன்களுக்கும் அதில் ஆளுக்கொரு பக்கம். தொட்டி எண், பொரித்த நாள் ஜனவரி 10, அப்புறம் நிலை என்று ஒரு கட்டம். 'உயிருடன்' அல்லது 'இறந்தது'. தினமும் காலையில் அந்தக் கட்டத்தை நிரப்புவது உங்கள் சின்னவன்தான்!

அம்மா, என் போன் செத்துவிட்டது. இங்கே மீன்கள் தொட்டிக்கு வெளியே குதிக்கும். என் போன் உள்ளே குதித்தது.

————————

அக்கா, நாம் பேசிக்கொண்டபடி, கோட்டுக்கு மேலே இருப்பதை அம்மாவுக்குப் படி. கீழே இருப்பது உனக்கு.

புது போன் வாங்கப்போவதில்லை. தங்கும் அறையில் சிக்னலும் இல்லை. தவிர, என் குரலைக் கேட்டால் அம்மா கட்டிலுக்கு அடியிலெல்லாம் என்னைத் தேடுகிறாள் என்று நீ சொன்னதற்குப் பிறகு பேசவே பயமாக இருக்கிறது. அவசரமென்றால் ஆபீஸ் நம்பர் உறையின் பின்னால் எழுதியிருக்கிறேன். சூப்பர்வைசர் எடுப்பான்.

இங்கே ஒரு சட்டம். 'கை மாறக்கூடாது.' மீன் தனக்குத் தீனி போடுகிறவனை அடையாளம் வைத்துக்கொள்ளும். ஆள் மாறினால் மிரண்டு சாப்பிடாமல் கிடக்கும், கணக்கு கெட்டுவிடும். அதனால் கடைசி மீன் சாகும்வரை எனக்கு லீவு கிடையாது. ஜூலைக்குள் எல்லாம் முடிந்துவிடும் என்கிறார்கள். கிளம்பும்போது அம்மா சொன்னது காதிலேயே இருக்கிறது. "முகம் மறக்கறதுக்குள்ள வந்துடுடா." அதற்குள் வந்துவிடுவேன்.

உன் தம்பி


பிப்ரவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். பாதத்துக்குத் தேங்காய் எண்ணெய் தடவு, சோம்பேறி.

உன் கடிதத்தைப் பதினோரு தடவை படித்தேன். போன் உள்ளே குதித்த இடத்தில் பதினோரு தடவையும் அம்மா சிரித்தாள். எனக்கு மூன்றாவது தடவையே வாய் வலித்தது. ஆனால் அவளுக்கு ஒவ்வொரு தடவையும் அது அப்போதுதான் வந்த கடிதம். பொறாமையாக இருக்கிறது, போ.

அந்தத் தளத்தை என் போனில் திறந்து பார்த்தேன். நூற்றிருபது 'உயிருடன்'. நீ போட்டது என்று அம்மாவிடம் காட்டினேன். "இவ்ளோ பேருக்கு அவன் ஒருத்தனே சோறு போடறானா?" என்று கேட்டாள். இருபத்திரண்டு வருடம் மாத்திரை பாக்கிங்கில் உட்கார்ந்தவள் அல்லவா, விரல்கள் இன்னும் மடியில் பத்துப் பத்தாக எண்ணித் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. தூங்கும்போதுகூட.

தினமும் சாயங்காலம் உன் போட்டோவைக் காட்டி யார் என்று கேட்கிறேன். "சின்னவன். இதென்ன கேள்வி?" என்று என்னைத்தான் பைத்தியம் மாதிரி பார்க்கிறாள்.

மீனுக்குத் தண்ணீர் சூடு சரியாக இருக்கிறதா என்று மணிக்கொரு தடவை பார்ப்பீர்களாமே, அதிலேயே போட்டிருக்கிறது. எங்கள் தையல் லைனில் நாற்பது பேருக்கு ஒரு ஃபேன். அடுத்த பிறவி இருந்தால் உன் தொட்டியில் ஒரு இடம் பிடித்து வை.

ஒன்று கேட்கிறேன். அந்தத் தளத்தில் மறதிக்கு என்று ஏதாவது மரபணு போட்டிருக்கிறதா? தேடிப் பார்த்துச் சொல்.

அக்கா


மார்ச் 6

அன்புள்ள அம்மாவுக்கும் அக்காவுக்கும்,

நான் சுகம். எண்ணெய் தடவினேன். வழுக்கி விழுந்தேன். இதற்கும் அக்காதான் பொறுப்பு.

மீன்களுக்கு இப்போது ஸ்கூல் நடக்கிறது அம்மா. சிவப்பு விளக்கைப் போடுவேன், தீனி போடுவேன். ஒரு வாரத்தில் விளக்கைப் பார்த்ததுமே மேலே ஓடி வரக் கற்றுக்கொண்டன. எண்பத்து மூன்றாம் தொட்டிக்காரன் மட்டும் விளக்கு வேண்டாம் என்கிறான். நான் கதவைத் திறந்தாலே வந்து நிற்கிறான். வாலில் சிவப்பு, உடம்பில் நீலம், நடையில் திமிர். அவனுக்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்திருக்கிறேன்.

————————

அக்கா, தேடினேன். மனிதனுக்கு மறதி நோயோடு சம்பந்தமுள்ளதாகச் சொல்லும் மரபணுக்கள் இந்த மீனில் எங்கே இருக்கின்றன என்று பதினேழு பக்கம் வந்தது. எந்தப் பக்கத்திலும் என்ன செய்ய வேண்டும் என்று இல்லை. ஆராய்ச்சி மாணவி ஒருத்தியிடம் கேட்டேன். "இது மேப் மாதிரி அண்ணா. ஊர் எங்க இருக்குன்னு காட்டும். பஸ் இன்னும் விடல" என்றாள். அவளாவது முகம் பார்த்துப் பதில் சொன்னாள்.

தளத்தின் கடைசியில் 'பங்களித்தோர்' என்று நீளமாகப் பெயர்கள் இருக்கின்றன. தொட்டி கழுவுகிற யாரும் அதில் இல்லை. மீன் தானே குளித்துக்கொள்கிறது என்று நினைத்திருப்பார்கள்.

சூப்பர்வைசர், இந்தத் தொகுதி ஒழுங்காக முடிந்தால் ஒப்பந்தத்திலிருந்து நிரந்தரமாக்குவதாகச் சொல்கிறான்.

உன் தம்பி


ஏப்ரல் 22

அன்புள்ள தம்பிக்கு,

நானும் அம்மாவும் நலம் என்றுதான் எழுத வேண்டும், எழுதிவிட்டேன்.

போன வாரம் நான் ஷிப்டில் இருந்தபோது அம்மா கதவைத் திறந்துகொண்டு கிளம்பிவிட்டாள். மூன்று மைல் நடந்து பழைய கம்பெனி கேட்டில் போய் நின்றிருக்கிறாள். லேட்டாகிவிட்டது, உள்ளே விடு என்று வாட்ச்மேனிடம் கெஞ்சியிருக்கிறாள். அவன் புது ஆள், விரட்டியிருக்கிறான். இருபத்திரண்டு வருடம் கேட் திறந்தவர்கள், வேலையில் கை தடுமாறிய ஒரே வாரத்தில் சாத்தினார்கள். அங்கே மூச்சில் போன மாத்திரைத் தூள்தான் அவள் மூளையில் ஏறியது என்று நான் சொன்னால் நிரூபி என்பார்கள். நிரூபிக்க எனக்கு எந்த வெப்சைட் இருக்கிறது?

உன் கடிதத்தை ஆறு தடவை படித்தேன். மாப்பிள்ளையை அவளுக்குப் பிடித்திருக்கிறது. "அவனுக்கு ஒரு வாய் கூடப் போடச் சொல்லு."

நேற்று போட்டோவைக் காட்டினேன். சொன்னாள். ஆனால் நேரம் எடுத்துக்கொண்டாள். அதற்குள் நான் நூல் கோத்து முடித்துவிட்டேன்.

ஒரு வாரம் வந்துவிட்டுப் போ.

அக்கா


மே 14

அன்புள்ள அம்மாவுக்கும் அக்காவுக்கும்,

நலம். அம்மா, நீ சொன்னபடி மாப்பிள்ளைக்கு ஒரு வாய் கூடப் போடப் பார்த்தேன். எடை போட்டுத்தான் தருகிறார்கள், திருட முடியவில்லை. இனி தனியாக வெளியே போகாதே. கம்பெனிக்கு இன்றைக்கு லீவு. எப்போது கேட்டாலும் இன்றைக்கு லீவு. சரியா?

————————

அக்கா, லீவு கேட்டேன். "கை மாறக்கூடாதுன்னு தெரியும்ல? நாலு மாச வேலை போயிடும். அப்புறம் நீ திரும்பி வரவே வேணாம்" என்றான். நாற்பத்தொன்று மீதி இருக்கின்றன. இப்போது வேகமாகச் சாகின்றன. முதலில் நிறம் போகிறது, அப்புறம் முதுகு வளைகிறது, அப்புறம் சிவப்பு விளக்கைப் போட்டாலும் எதற்கென்று தெரியாமல் மூலையிலேயே நிற்கிறது. அதைப் பார்க்கும்போது நான் யாரை நினைப்பேன் என்று உனக்குத் தெரியும்.

நேற்று ஒன்று தரையில் காய்ந்து கிடந்தது. மூடியைச் சரியாக அழுத்தவில்லை, குதித்துவிட்டது. அந்த மாதிரிச் சாவுக்குத் தளத்தில் 'இறந்தது' என்று போடக்கூடாதாம். 'விலக்கு' என்று போட வேண்டும். வயதாகிச் செத்தால்தான் சாவு. விபத்தும் ஆள் தவறும் சராசரியில் சேராது. அந்தக் கட்டத்தை நிரப்ப ஏனோ கை வரவில்லை.

ஜூலை. வாக்கு கொடுக்கிறேன்.

உன் தம்பி


ஜூன் 30

தம்பி,

நான் நலம். அம்மா இருக்கிறாள்.

கடிதத்தை நாலு தடவை படித்தேன். அதற்குமேல் உட்கார முடியவில்லை அவளுக்கு. கம்பெனி லீவு என்றது மட்டும் நன்றாக வேலை செய்கிறது. தினமும் சொல்கிறேன்.

முந்தாநாள் போட்டோவைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள். "யாரோ நல்ல பையன். அம்மா இருக்காளா இவனுக்கு?" என்றாள்.

நான் எழுந்து போய்ப் பாத்திரம் தேய்த்தேன்.

அதற்காக வரவேண்டாம் என்று இருந்துவிடாதே. போட்டோவில்தான் இப்படி. ஆளைப் பார்த்தால், குரலைக் கேட்டால், தலையைத் தொட்டால் வரலாம். வரும். தினமும் எழுந்ததும் அந்தத் தளத்தைத் திறந்து எத்தனை 'உயிருடன்' என்று எண்ணுவதே எனக்குப் பிழைப்பாகிவிட்டது. ஒரு மீன் செத்தால் சந்தோஷப்படுகிறேன். இப்படி ஒரு பாவியாக என்னை ஆக்கிவிட்டாய். இன்றைக்கு மீதி மூன்று.

மூடியைச் சரியாக அழுத்தாமல் விட்டால் போதும் என்று நீதான் எழுதினாய்.

அக்கா


ஜூலை 20

அன்புள்ள அம்மாவுக்கும் அக்காவுக்கும்,

சுகம். அம்மா, மாப்பிள்ளை பெரிய ஆளாகிவிட்டான். மற்ற எல்லாரும் போய்விட்டார்கள். இவன் மட்டும் ராஜா மாதிரி சுற்றுகிறான். நூற்றுத் தொண்ணூற்றொன்றாம் நாள். பேராசிரியர் கேக் வெட்டினார். எனக்கும் ஒரு துண்டு வந்தது, க்ரீம் இல்லாத பக்கம். அடுத்த மாதம் நான் வந்து உன் மடியில் படுத்துக்கொண்டு மிச்சத்தைச் சொல்கிறேன்.

————————

அக்கா, நீ கடைசியாக எழுதிய வரியைப் படித்துவிட்டு மூன்று நாள் தொட்டி அறையில் மூடியைத் தொடவே பயந்தேன். முடியாது அக்கா. வேலைக்காக என்று நினைக்காதே. வேலையும்தான். முட்டையிலிருந்து வளர்த்தது. முதுகு வளைந்துவிட்டது, நிறம் வெளுத்துவிட்டது, ஆனாலும் நான் கதவைத் திறந்ததும் கண்ணாடியில் வந்து நிற்கிறது. வேறு யார் வந்தாலும் அசையாது. இந்த ஊரில் என் முகம் தெரிந்த உயிர் அது ஒன்றுதான்.

இன்னும் பத்து நாள், அதிகம் போனால் பதினைந்து.

உன் தம்பி


ஆகஸ்ட் 18

அன்புள்ள அம்மாவுக்கும் அக்காவுக்கும்,

உங்களிடமிருந்து பதில் வரவில்லை. தபால் தாமதம் என்று நினைத்துக்கொள்கிறேன். நான் நலம். அம்மா நீ எப்படி இருக்கிறாய்? கால் வலி குறைந்ததா? மாப்பிள்ளை இருநூற்றிருபது நாளைத் தாண்டிவிட்டான். அவனைப் படம் எடுக்கக் கேமராவோடு ஆட்கள் வந்தார்கள். என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார்கள். தள்ளி நின்றேன். அவன் கேமராவைப் பார்க்காமல் நான் நின்ற பக்கமே திரும்பி நின்றான். ஒரு மணி நேரம் திண்டாடினார்கள். நீ பார்த்திருந்தால் சிரித்திருப்பாய்.

————————

அக்கா, கோபமா? திட்டியாவது எழுது. சூப்பர்வைசர் திடீரென்று ரொம்ப அன்பாக நடந்துகொள்கிறான். "சாப்பிட்டியா?" என்று கேட்கிறான். எனக்கு அதுவே பயமாக இருக்கிறது.

உன் தம்பி


செப்டம்பர் 3

தம்பி,

நான் நலம்.

உன் கடிதங்கள் இரண்டும் வந்தன. ஒவ்வொன்றையும் ஒரு தடவை படித்தேன்.

இங்கே வெயில் குறைந்திருக்கிறது. லைனில் இன்னொரு ஃபேன் போட்டார்கள். கட்டிலை மடித்து வைத்துவிட்டேன், மிஷின் போட இடம் வேண்டியிருந்தது.

ஆபீசில் உன்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லையா?

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


செப்டம்பர் 14

அக்கா,

இந்தக் கடிதத்தில் கோட்டுக்கு மேலே எதுவும் இல்லை. எல்லாமே உனக்குத்தான்.

கட்டிலை மடித்துவிட்டேன் என்று எழுதியிருந்தாய். அப்படியானால் அம்மா தரையில் படுக்கிறாளா? கட்டிலில் ஏற முடியாத அளவுக்கு ஆகிவிட்டதா? ஒரு தடவைதான் படித்தாய் என்றால், கேட்கக்கூட முடியவில்லையா அவளுக்கு? நீ எழுதாமல் விட்டதையெல்லாம் படித்துப் படித்து மூன்று நாள் தூங்கவில்லை. ஆபீஸ் போனில் உன் நம்பரைப் பாதிவரை அழுத்திவிட்டு, என்ன சொல்வாயோ என்ற பயத்தில் வைத்துவிட்டேன். ஒன்று புரிந்தது. இன்னும் காத்திருந்தால் தாங்காது.

நேற்றுக் காலை தீனி நேரத்தில் மூடியைத் திறந்து வைத்தேன். குதிக்கட்டும் என்று சுவரைப் பார்த்து நின்றேன். அரை மணி நேரம். அதற்குக் குதிக்க முதுகு இல்லை அக்கா. கிழம். திரும்பிப் பார்த்தால் மேலே வந்து எனக்காகக் காத்திருக்கிறது. கையை உள்ளே விட்டேன். தீனி என்று நினைத்துத் தானாகவே உள்ளங்கைக்குள் வந்தது.

தளத்தில் நானே எழுதினேன். எண்பத்து மூன்று. நாள் 246. விலக்கு.

சூப்பர்வைசரிடம் போய், மூடியைச் சரியாக அழுத்தவில்லை, என் தப்பு, அம்மாவைப் பார்க்கப் போகிறேன் என்றேன். கத்துவான் என்று பார்த்தேன். தலையைக் குனிந்துகொண்டான். "இப்போ போய் என்னடா பண்ணப்போறே?" என்றான். வேலை போய்விட்டது. போகட்டும்.

பாக்கிச் சம்பளம் தரப் பத்து நாள் ஆகுமாம், டிக்கெட்டுக்கு அதுதான் காசு. இருபத்தைந்தாம் தேதி காலை வண்டியில் வருகிறேன். அதுவரை தினமும் என் போட்டோவைக் காட்டிக்கொண்டிரு. தெரியவில்லை என்றாலும் காட்டு.

உன் தம்பி


செப்டம்பர் 24

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. இதைத் தபாலில் போட்டால் நீ இல்லாத அறைக்குப் போகும். ஆனாலும் எழுதுகிறேன், வாயால் சொல்ல எனக்கு வராது.

அம்மா ஜூலை 28 அன்று போய்விட்டாள். குளியலறையில் விழுந்தாள், ஆஸ்பத்திரியில் மூன்று நாள் காய்ச்சல். காலை ஏழு மணிக்கு மூச்சு நின்றது. ஏழரைக்கு உன் ஆபீசுக்குப் போன் செய்தேன். சூப்பர்வைசர்தான் எடுத்தான். "ஐயோ பாவம், உடனே சொல்லிடறேன்மா" என்றான். மறுநாள் சாயங்காலம்வரை அவளை வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்துக் கிடந்தேன். அக்கம்பக்கத்தார் இதற்குமேல் முடியாது என்றார்கள். கொள்ளி நான்தான் வைத்தேன்.

நீ தெரிந்தே வரவில்லை என்று நினைத்தேன். மீன் முக்கியம் என்று இருந்துவிட்டாய் என்று. ஒரு மாதம் உன்னை நான் திட்டிய திட்டு உனக்குத் தெரியாமலே இருக்கட்டும். அப்புறம் ஆகஸ்ட் கடிதம் வந்தது. அம்மாவின் கால் வலியை விசாரித்திருந்தாய். அப்போதுதான் தெரிந்தது, அவன் உன்னிடம் சொல்லவே இல்லை. கேமராக்காரர்கள் வந்துபோகிறவரை கை மாறக்கூடாதல்லவா.

அன்றே எழுதியிருக்க வேண்டும். உட்கார்ந்தேன். 'நான் நலம்' என்று எழுதினேன், அதற்கடுத்த வரி வரவில்லை. தனியாக, தெரிந்தவர் யாருமில்லாத ஊரில், தொட்டிகளுக்கு நடுவில் நின்று நீ அதைப் படிப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. நேரில் வந்தபின் சொல்லிக்கொள்ளலாம், மீன் தானாகச் சாகட்டும், அதற்கு என்ன அவசரம் என்று ஃபேன், கட்டில், வெயில் என்று எழுதினேன். ஒரு வரி உண்மையாக எழுதியிருந்தால் அது இன்னும் நீந்திக்கொண்டிருக்கும். அவள் போய் நாற்பத்தேழு நாள் கழித்து, அவளுக்காக, உன் முகம் தெரிந்த அந்த ஒன்றையும் உன் கையாலேயே எடுக்க வைத்துவிட்டேன். மூடியைப் பற்றி எழுதினவளும் நான்தான்.

தளத்தைப் பார்த்தேன். உன் 'விலக்கு' என்ற வார்த்தைக்குக் கீழே யாரோ 'காரணம்: பணியாளர் தவறு' என்று சேர்த்திருக்கிறார்கள். எட்டு மாதம் உழைத்ததற்கு உன்னைப் பற்றி அதில் வந்தது அவ்வளவுதான். அம்மாவின் சான்றிதழில் காரணம் என்ற கட்டத்தில் 'முதுமை' என்று போட்டுக் கொடுத்தார்கள். "அவளுக்கு ஐம்பத்து நாலுதாங்க" என்றேன். "ஏதாவது எழுதணும்ல?" என்றான் கிளார்க். சண்டை போட்டேன். மாற்றவில்லை. எந்தக் கட்டத்திலும் உண்மையை எழுத விடமாட்டார்கள்.

கடைசி நாள் அவளுக்கு நினைவு தெளியவில்லை. உன் பெயரைச் சொன்னாள் என்று பொய் எழுத ஆசைதான். சொல்லவில்லை. உன் மே மாதக் கடிதத்தைக் கையில் கொடுத்தேன். விரல்கள் அதன்மேல் பத்துப் பத்தாகத் தள்ளிக்கொண்டே இருந்தன. "இன்னைக்கு லீவும்மா, சின்னவன் சொல்லிட்டான்" என்றேன். நிறுத்தினாள்.

நாளைக் காலை ஸ்டேஷனுக்கு வருவேன். நீ இறங்கியதும் என் முகத்தைப் பார்த்தே உனக்குத் தெரிந்துவிடும். அப்படியும் இதைக் கையில் கொடுப்பேன். ஒரு பெஞ்சில் உட்கார்ந்து படி. நீ முடிக்கும்வரை பக்கத்தில் இருக்கிறேன்.

ஒரு தடவை படித்தால் போதும்.

அக்கா